அக்காவின் இடது கை

எங்கள் ஊரில் ஒரு சென்சார் போர்டு இருந்தது. அதற்கு ஆபீஸ் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. அது ஒரு பெண்மணியின் இடது முன்கை.

மரக்காணம் கடைத்தெருவில் நான் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருந்த காலம். எழுபதுகள் முடியப் போகிற நேரம். பவுடர், ஸ்நோ, கண்மை, சாந்து, குங்குமம், நகப்பாலிஷ், ரிப்பன், வளையல் என்று பெண்களுக்கு வேண்டியதெல்லாம் விற்கிற கடையில், பெண்களைக் கண்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற ஒருவனை உட்கார வைத்தவர் என் தாய்மாமன். பேசத் தெரியாதவன் விலையைக் குறைக்க மாட்டான் என்பது அவர் கணிப்பு. பேசத் தெரியாதவன் கேட்ட விலைக்கே கொடுத்துவிடுவான் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

கடை திறந்த முதல் வாரமே அந்த அக்கா வந்தார். உப்பளத்தில் வேலை முடித்து நேராக வந்திருந்தார். சேலையை ஏற்றிச் செருகியிருந்தார். கூடை சுமப்பதற்காகத் தலையில் சுற்றிய துணி புருவம் வரை இறங்கியிருந்தது. முழங்காலுக்குக் கீழே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. நாற்பது வயதிருக்கும். ஒரு ஸ்நோ பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறந்து மோந்தார்.

"இதுல என்னடா கலந்திருக்கான்?"

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். அதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தவிர வேறு தகவல் இல்லை.

"நல்ல கம்பெனிக்கா."

"கம்பெனி யாருன்னா கேட்டேன்? உள்ள இருக்குறது என்னான்னு கேட்டேன்."

"ஸ்நோ..."

"அது பேரு. உனக்குக் கூடத்தான் அழகேசன்னு பேரு வச்சிருக்காங்க."

என் பெயர் உண்மையிலேயே அழகேசன்தான். என்னை நேரில் பார்த்தவர்களுக்கு அந்த வாக்கியத்தின் ஆழம் விளங்கும்.

அக்கா விரலில் கொஞ்சம் ஸ்நோவைத் தொட்டு, இடது கையைத் திருப்பி, மணிக்கட்டுக்கு மேலே உள்பக்கமாகத் தேய்த்தார். "நாளைக்குச் சொல்றேன்" என்று போய்விட்டார். மறுநாள் வந்து கையை நீட்டிக் காட்டினார். "ஒண்ணும் ஆவல. விக்கலாம்."

விற்கலாமா என்று நான் கேட்கவே இல்லை. ஆனால் அன்று மாலைக்குள் உப்பளத்துப் பெண்கள் வரிசையாக வந்து ஸ்நோ வாங்கிப் போனார்கள். "அக்கா கையில வச்சுப் பாத்துட்டாங்களாம்ல?" என்பது மட்டும்தான் அவர்கள் கேட்ட கேள்வி. அன்றிலிருந்து கோட்டக்குப்பத்திலிருந்து வருகிற ஃபாரின் பவுடரானாலும் சரி, மெட்ராஸ் மொத்தக் கடையிலிருந்து வருகிற சாந்துக் குப்பியானாலும் சரி, முதலில் அந்தக் கைக்குப் போய்வந்துதான் அலமாரியில் ஏறியது.

அவர் எதையும் தனக்காக வாங்கியதில்லை. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம். நெற்றியில் திருநீறு தவிர வேறு கிடையாது. பிறகு எதற்கு இந்தப் பாடு என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொல்வார். ஒரு நாள், சின்ன வயதில் கூட வேலை செய்தவள் ஏதோ கறுப்புச் சாயத்தைத் தலைக்குத் தடவி, கண் மூடிப்போகிற அளவுக்கு முகம் வீங்கிய கதை. இன்னொரு நாள், "பொழுது போவலடா." மற்றொரு நாள், "வெலை குடுத்து வாங்குறாளுங்க, வாங்குறதுக்கு முன்னாடி கேக்கத் தெரியல. விக்கிறவனுக்குச் சொல்லத் தெரியல. நடுவுல ஒருத்தி வேணாமா?"

மஞ்சள் கிழங்கை மட்டும் அவர் சோதிப்பதில்லை. அதற்கு மூடி இல்லாததே காரணம். மூடி போட்டு வருகிற எதன் மேலும் அவருக்குச் சந்தேகம் உண்டு. என் டிபன் பாக்ஸைக்கூட ஒரு நாள் திறந்து மோந்தார்.

முடி எடுக்கிற கிரீம் ஒன்று வந்தபோது அதையும் தடவிப் பார்த்தார். முடி போனது. தோல் அசரவில்லை. "சவரக்கத்தி நல்லா இருக்குது" என்று பாஸ் போட்டார். நகப்பாலிஷைக் கையில் வட்டமாகப் பூசிக்கொண்டு உப்புப் பாத்தியில் நாள் முழுக்க நின்றார். ஒன்றும் ஆகவில்லை. பாஸ். இத்தனை வருஷத்தில் அந்தக் கையில் ஒரு சாமான்கூட ஃபெயிலானதில்லை. இதை நான் என் கடையின் தரம் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா தன் பரீட்சையின் தரம் என்று நினைத்துக்கொண்டார். வினாத்தாளே சரியில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு தடவை தோன்றியிருக்க வேண்டியது.

பெல்ட்டில் மாட்டுகிற நாப்கின் பாக்கெட்டுகளை நான் தரைமட்ட அலமாரியில், பினாயில் பாட்டிலுக்குப் பின்னால் வைத்திருப்பேன். வாங்குகிறவர்கள் டீச்சர், நர்ஸ், தாசில்தார் வீடு என்று சொற்பம்தான். அவர்கள் கேட்கவும் மாட்டார்கள், நான் சொல்லவும் மாட்டேன். அவர்கள் பினாயில் பக்கம் பார்ப்பார்கள். நான் பேப்பரில் சுற்றி, நூல் கட்டி, தலையைத் திருப்பிக்கொண்டு நீட்டுவேன். அப்படித் தலையைத் திருப்பி நீட்டியதில் ஒரு முறை பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவர் சம்சாரம் வந்து இன்னும் ஒன்று கேட்டது வேறு கதை.

அந்தச் சுற்றலைக் கண்டாலே அக்காவுக்குப் பிடிக்காது. "ஏன்டா, கருவாடா கட்டுற? நாத்தம் வெளிய வந்துடுமா?"

"மறைவா இருக்கட்டும்னு..."

"மாசாமாசம் ஊர்ல பாதிப் பேருக்கு வர்றது. யாருகிட்ட மறைக்கிற? மீதிப் பாதிக்கிட்டயா?"

வாசனை போட்ட நாப்கின் புதிதாக வந்தது. அக்கா பாக்கெட்டைக் கல்லாமேல் வைத்துப் பிரித்தார். கடையில் ரெண்டு மூன்று பேர் இருந்தார்கள். நான் கூரையில் பல்லி தேட ஆரம்பித்தேன்.

"வாசன எதுக்குடா?"

"எனக்கெப்படிக்கா தெரியும்?"

"அங்க எவன் வந்து மோந்து பாக்கப் போறான்?"

பல்லி கிடைக்கவில்லை.

ஆனால் அவர் அதைக் கேலிக்காக மட்டும் பிரிக்கவில்லை. உப்பளத்தில் அந்த நாட்களில் வேலை செய்வது எப்படியென்று அன்றுதான் எனக்குச் சொன்னார், நான் கேட்காமலேயே. பழஞ்சேலைத் துணி உப்புத் தண்ணீரில் நனையும். வெயிலில் காயும். காய்ந்தால் உப்புக்காகிதம். நடக்க நடக்கத் தொடையை அறுக்கும். "இது நல்லதா இருந்தா எங்களுக்குத்தாண்டா மொதல்ல வேணும்" என்றார். அந்த நாப்கினை இடது கையில் வைத்து நூலால் கட்டிக்கொண்டு, ஏதோ அடிபட்டவர் மாதிரி, மறுநாள் முழுக்க உப்பளத்தில் வேலை செய்தார். மேஸ்திரி, "கையில என்னா கட்டு?" என்று கேட்டதற்கு, "சொன்னா நீ சோறு துன்ன மாட்டே" என்றாராம்.

ஒன்றும் ஆகவில்லை. பாஸ்.

அடுத்த மாதம், மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்திருந்த டீச்சரம்மா வந்தார். பினாயில் பாட்டிலைப் பார்த்தபடி, "அன்னைக்குக் குடுத்த சாமான்... ஒத்துக்கல" என்றார். நான் மிகுந்த பொறுப்போடு அதே சாமானில் வேறொரு பாக்கெட்டை எடுத்துச் சுற்றிக் கொடுத்தேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, அதை வாங்காமலே போனார். அக்காவிடம் சொன்னேன். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் ஆவலையே. அது மெட்ராஸ் ஒடம்புடா. காத்துப் பட்டாலே தடிக்கும்" என்றார். இருந்தாலும் உப்பளத்துப் பெண்களிடம் அந்த நாப்கினைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை என்பதை நான் பிறகுதான் கவனித்தேன்.

அந்த மாசியில் ஸ்டிக்கர் பொட்டு வந்தது.

அது வந்த வேகத்தை இப்போது சொன்னால் நம்ப மாட்டீர்கள். உப்பளத்தில் குங்குமம் நிற்காது. வேர்வையில் கரைந்து மூக்கில் ஓடி, மதியத்துக்குள் எல்லாரும் சண்டை போட்டு வந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். சாந்து கண்ணில் இறங்கி எரியும். இதுவோ அரக்கு நிறத்தில் வெல்வெட்டு வட்டம். பின்னால் பசை. ஒட்டினால் போதும். அக்கா ஒன்றை இடது கையில் ஒட்டினார். வேர்வையில் விழுந்தது. திரும்ப ஒட்டினார். திரும்ப விழுந்தது. மூன்றாவதைச் சோற்றுப்பசை வைத்து ஒட்டிக்கொண்டு போய், மறுநாள் வந்தார். "கையில நிக்கல. ஆனா ஒண்ணும் ஆவல."

பாஸ்.

முதல் அட்டையை அவர் தம்பி மகள் செல்வி வாங்கிப் போனாள். பதினெட்டு வயது. அத்தையோடுதான் உப்பு வாரப் போவாள். பெருமுக்கல் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்து, ஆவணியில் கல்யாணம் என்று வைத்திருந்தார்கள். மற்ற பெண்கள் ராத்திரி பொட்டை எடுத்துக் கதவில் ஒட்டிவிட்டுப் படுப்பார்கள். சிலர் அரிக்கிறது என்று தூக்கி எறிந்துவிட்டுக் குங்குமத்துக்கே திரும்பிவிட்டார்கள். செல்வி எடுக்கவே மாட்டாள். கல்யாணப் பெண் வெறும் நெற்றியோடு இருக்கக் கூடாது என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். தூக்கத்திலும் பொட்டு. ஒன்று பசை தீர்ந்து விழுந்தால் அதே இடத்தில் அடுத்தது.

ஆடி வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளையின் அம்மா பூவும் புடவையும் எடுத்துக்கொண்டு வந்தார். மருமகளுக்குத் தன் கையால் குங்குமம் வைக்க வேண்டும் என்று ஆசையாகச் செல்வியின் ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் நெம்பி எடுத்தார்.

அடியில் வெள்ளையாக இருந்தது.

அழுக்கு என்று நினைத்து முந்தானையால் துடைத்தார். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தார். அதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. குங்குமச் சிமிழை மூடினார். புடவையைத் தட்டிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அது ஒரு மரியாதை. ஆனால் தண்ணீர் குடிக்காமல் கிளம்பினார். வாசலில் நின்று அக்காவிடம் மட்டும் சொன்னார்: "வெண்குஷ்டம் இருக்குற வூட்ல பொண்ணு எடுக்க எங்க ஜனம் ஒத்துக்காது. தை வரைக்கும் பாக்குறோம். மறையலன்னா நீங்க வேற எடம் பாத்துக்குங்க."

மறுநாளிலிருந்து உப்பளத்தில் செல்வி மொண்ட குடத்தில் யாரும் தண்ணீர் மொள்ளவில்லை. நேற்றுவரை அவள் தலைவாரிவிட்ட பெண்கள், பேன் பார்க்கக்கூட எட்டி உட்கார்ந்தார்கள். செல்வி தலைத்துணியைக் கண்வரை இறக்கிக் கட்டிக்கொண்டு, பாத்தியில் ஒரு ஓரமாக உப்பு வாரினாள். ஒரு டாக்டர் பார்த்துவிட்டு ஏதோ களிம்பு எழுதினார். ஒரு வைத்தியர் பார்த்துவிட்டு வேறு களிம்பு கொடுத்தார். இரண்டிலும் என்ன கலந்திருக்கிறது என்று அக்கா கேட்டார். இருவருக்கும் கோபம் வந்தது.

பிறகு அக்கா கடைக்கு வந்தார். வழக்கமாக வரும்போதே ஒரு வசனத்தோடு வருகிறவர், அன்று நேராக ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்டிக்கர் அட்டையை எடுக்கச் சொன்னார். ஒரு பொட்டை உரித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"அழகேசா, நோவு வந்தா எப்படி வரும்? இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம், மேப்பு மாதிரி வரும். சீல் குத்தினாப்ல வட்டமா வருமா? இதே அளவு வட்டம்டா."

"ஆனா உன் கையில ஒண்ணும் ஆவலையேக்கா."

அவர் என் கையைப் பிடித்து இழுத்துக் கல்லாமேல் வைத்தார். தன் கையைப் பக்கத்தில் வைத்தார். அலமாரியிலிருந்து அந்த முடி எடுக்கிற கிரீமை எடுத்து இரண்டு கையிலும் தடவினார். கொஞ்ச நேரத்தில் எனக்கு எரிந்தது. கழுவிப் பார்த்தால் என் கை வேகவைத்த எறா மாதிரி சிவந்திருந்தது. அவர் கை அப்படியே இருந்தது. நகத்தால் கீறினார். கோடுகூட விழவில்லை.

கையைத் திருப்பிக் கல்லாமேல் ஒரு தட்டுத் தட்டினார்.

"இது கை இல்லடா. ஊறுகா" என்றார். "பன்னெண்டு வயசுலேர்ந்து உப்புத் தண்ணியில போட்டு வச்ச ஊறுகா. இதுல தடவித் தடவி ஊருக்கெல்லாம் நல்லது நல்லதுன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். டீச்சரம்மா சொன்னப்பவே எனக்கு ஒறைக்கல பாரு."

நான் ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் எழுந்து, கடையில் மாட்டியிருந்த கண்ணாடி முன் நின்று, தலைத்துணியை அவிழ்த்தார். அப்போதுதான் பார்த்தேன். வெயிலும் உப்பும் படாமல், அந்த நெற்றி மட்டும் மூடி வைத்த பாத்திரம் மாதிரி வழவழவென்று இருந்தது. திருநீற்றை முந்தானையால் துடைத்தார். அரக்குப் பொட்டை நடு நெற்றியில் அழுத்தி ஒட்டினார்.

"அக்கா!" என்றேன். தெருவில் ஆள் போய்க்கொண்டிருந்தது.

"வாய மூடு. சட்டையத் தூக்கு."

"என்னாத்துக்கு?"

"ஒரு தோல நம்பிக் கெட்டாச்சு. இந்த வாட்டி ரெண்டு. ஒனக்கு இட்லி மாதிரி தோலு. வெயில்ல ஒரு நாளாவது நின்னிருக்கியா? தூக்கு."

தொப்புளுக்கு நாலு விரற்கடை மேலே எனக்கு ஒரு பொட்டு வைக்கப்பட்டது. எடுக்கவே கூடாது, விழுந்தால் அதே இடத்தில் ஒட்ட வேண்டும் என்று உத்தரவு. மங்களகரமாக இருந்தது.

என் பொட்டு சட்டைக்குள்ளே. அக்காவுடையது, தலைத்துணியை ஏற்றிக் கட்டியதில், ஊர் பார்க்க. புருஷன் இல்லாதவர் நெற்றியில் பொட்டு வைத்து நடப்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் அல்ல. எதிரே வந்த பெண்கள் சகுனம் பார்ப்பதா, பார்க்காமலிருப்பதா என்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றுவிட்டார்கள். உப்பளத்தில் மேஸ்திரி இளித்தார். "என்னாம்மா, புதுசா கீது? மாப்ள எந்த ஊரு?"

"ஏம்பா, இது பொட்டு இல்ல, பரீட்ச. மார்க்கு வந்தா சொல்றேன்."

கோயிலில் ஒரு அம்மாள் முகத்துக்கு நேராகவே, "இது என்ன கோலம்? செத்தவன் ஆத்மா பொறுக்குமா?" என்று கேட்டுவிட்டார். அக்கா யோசித்துப் பதில் சொன்னார்: "இருந்தப்ப நான் என்ன செஞ்சாலும் பொறுக்கல அந்த மனுசனுக்கு. இப்ப மட்டும் பொறுக்கணும்னு நான் ஏன் எதிர்பாக்கணும்?"

வாயால் இப்படியெல்லாம் சொன்னாரே ஒழிய, கோயிலுக்குப் போவதை அதோடு நிறுத்திக்கொண்டார். கடைக்கு வந்தால் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

எனக்கு வந்த சோதனை வேறு தினுசு. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத சமயம். ஒரு காலை, கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி துண்டோடு வந்தாள். நின்றாள்.

"என்னங்க அது?"

"எது?"

"வயித்துல."

"பொட்டு."

"அது தெரியுது. யாரோடது?"

"நம்ம கடையோடது."

"கடைக்கு எப்ப நெத்தி மொளைச்சுது?"

உண்மையை அப்படியே சொன்னேன். ஒரு பெண்ணின் கல்யாணம் நடக்க வேண்டும் என்பதற்காக அவளுடைய அத்தை என் வயிற்றில் பொட்டு ஒட்டியிருக்கிறார், அதை நான் எடுக்கக் கூடாது. சொல்லச் சொல்ல அது எனக்கே பொய்யாகத்தான் பட்டது. மனைவி துண்டைக் கிணற்றுச் சுவரில் போட்டுவிட்டு, பெட்டி கட்டப் போனாள். நான் ஈரத்தோடு ஓடி, உப்பளத்துக்குப் போகிற ஒரு பெண்ணிடம் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன்.

அக்கா வந்தார். அவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தவன், அவர் நெற்றியை மறந்துவிட்டேன். என் மனைவி அவர் நெற்றியைப் பார்த்தாள். என் வயிற்றைப் பார்த்தாள். அதே அரக்கு. அதே வட்டம். மறுபடியும் நெற்றியைப் பார்த்தாள்.

அக்காவுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. "ஐயே!" என்றார். "இவனையா? ஏம்மா, உப்பளத்துல மலை மலையா ஆம்பளைங்க இருக்கானுங்க, நிமிந்து நின்னா நெழல் விழுற மாதிரி. அவனுங்களயே நான் திரும்பிப் பாக்கல. ஒன் புருசனப் பாத்தா எனக்குப் பரிதாபம்தாம்மா வரும். வேற ஒண்ணும் வராது."

இவ்வளவு விளக்கம் தேவையில்லை என்று நான் நினைத்தேன். ஆனால் என் மனைவி அதைக் கேட்டுத்தான் நம்பினாள். பிறகு செல்வியின் கதை முழுவதையும் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைப் பிரித்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் என் பொட்டைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. குளிக்கும்போது நான் அந்த இடத்தில் சோப்புப் போட்டால் கையில் அடி விழும்.

ஐப்பசியில் மழை வந்து உப்பளத்தை மூடினார்கள். வேர்வை இல்லாததால் பொட்டு நன்றாக ஒட்டிக்கொண்டது. எனக்கு முதலில் அரித்தது. பிறகு சிவந்தது. கார்த்திகையில் ஒரு நாள் என் மனைவி பொட்டை உரித்துவிட்டு, "வாங்க, வெளிச்சத்துக்கு வாங்க" என்று என்னை முற்றத்துக்கு இழுத்துப் போனாள். வட்டத்தின் நடுவில் தோல் வெளுக்கத் தொடங்கியிருந்தது. நான் வாழ்க்கையில் பாஸான முதல் பரீட்சை அது. மகிழ்ச்சியோடு கடைக்கு ஓடினேன். அக்கா ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார், பொட்டு ஒட்டிய நாளுக்குப் பிறகு முதல் முறையாகக் கண்ணாடியைப் பார்த்தபடி. அவர் நெற்றியில் வெள்ளை என்னுடையதைவிடப் பளிச்சென்று இருந்தது.

"வந்துடுச்சுடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அதைச் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டார். நான் பல்லி தேடினேன்.

மார்கழிக் கடைசியில் இருவரும் திண்டிவனம் பஸ் ஏறி, பெருமுக்கல் தாண்டி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார்கள். மரியாதைக்கு என் கையிலும் ஒரு பிடி அள்ளி வைத்தார்கள். மாப்பிள்ளையும் அவன் அப்பாவும் இருந்தார்கள். அவன் அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, எங்களை உட்காரச் சொல்லலாமா என்று யோசித்தபடி இருந்தார்.

அக்கா நேராக விஷயத்துக்கு வந்தார். நெற்றிப் பொட்டை உரித்து மாப்பிள்ளையின் அம்மா கையில் கொடுத்தார். "பாருங்க. ஆடியிலேர்ந்து ஒட்டினேன். எனக்கும் வந்துடுச்சு. இது நோவு இல்ல, இந்தப் பசையில எதையோ கலந்திருக்கான். செல்விக்கு ஒடம்புல ஒரு கொறையும் இல்ல."

அந்த அம்மாள் அக்காவின் நெற்றியை உற்றுப் பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"நான்தான் சொன்னேனே. அத்தைக்கும் இருக்குது. பரம்பர."

நான் கையிலிருந்த மல்லாட்டையை வாயில் போட மறந்தேன். அத்தனை மாதம் ஊர் பேச்சைக் கேட்டு, கோயிலை விட்டு, நெற்றியைக் கெடுத்துக்கொண்டு அக்கா தயார் செய்த சாட்சி, எதிர்க்கட்சிக்குப் போய்விட்டது. அக்கா மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"டேய். சட்டையத் தூக்கு."

தூக்கினேன். அந்நியர் வீட்டு முற்றத்தில், பெண்பிள்ளைகள் எதிரில், தொப்பையைக் காட்டிக்கொண்டு நிற்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. மூச்சைப் பிடித்து உள்ளே இழுத்தேன். "உள்ள இழுக்காதடா, சரியாத் தெரியல" என்றார் அக்கா. விட்டேன். நடுவயிற்றில் வெள்ளையாக, வட்டமாக, சீல் குத்தியது போல அது இருந்தது.

"இவன் எங்க பரம்பரையா?" என்றார் அக்கா. "நல்லாப் பாருங்க. மூஞ்சியப் பாருங்க. இந்த மூக்கு எங்க வம்சத்துல யாருக்காச்சும் உண்டா? இவன் பொட்டு விக்கிறவன். இவனுக்கும் அதேதான் ஒட்டினேன். அதே வட்டம். நோவு நெத்தியில வரும், கையில வரும். அளவெடுத்து ஆம்பள வயித்துல வருமா?"

மாப்பிள்ளை முதலில் சிரித்தான். சிரித்துவிட்டு, அம்மா பார்க்கிறாரோ என்று நிறுத்தினான். அவன் அப்பா பக்கத்தில் வந்து, மாடு வாங்குகிறவர் மாதிரி விரலால் வயிற்றைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். கூச்சத்தில் நெளிந்தேன். "ஆடாதப்பா" என்றார். பிறகு நிமிர்ந்து, மனைவியைப் பார்த்தார்.

அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். தன் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனார். அப்போதுதான் கவனித்தோம், அங்கேயும் ஒரு வெல்வெட்டு வட்டம். நகத்தால் நெம்பி எடுத்து, மல்லாட்டைத் தோல் குவியலில் எறிந்தார். பிறகு பையனிடம் நெற்றியை நீட்டினார்.

"எனக்கு ஏதாச்சும் தெரியுதாடா?"

"இல்லம்மா."

"சரியாப் பாரு."

"இல்லம்மா."

"உக்காருங்க" என்றார் எங்களிடம். "காப்பி போடுறேன்." பிறகு என்னிடம், "நீ சட்டைய எறக்கிக்கலாம்."

தையில் கல்யாணம். செல்விக்கு அதற்குள் வெள்ளை ஓரத்தில் புள்ளிபுள்ளியாகக் கறுத்து நிறம் திரும்ப ஆரம்பித்திருந்தது. கல்யாணத்தில், வருகிற பெண்களுக்கெல்லாம் குங்குமத் தட்டு நீட்டிக்கொண்டு வந்த ஒரு உறவுக்காரப் பெண், அக்காவிடம் வந்ததும் வழக்கப்படி அவரைத் தாண்டித் தட்டைக் கொண்டுபோனாள். நெற்றி வெள்ளையைப் பார்த்து ஒரு கணம் தடுமாறினாள். ஆனாலும் போய்விட்டாள். தாலி ஏறியதும் செல்வி அந்தத் தட்டைக் கேட்டு வாங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அத்தையிடம் வந்தாள்.

"அத்தே, நீ வை. எனக்கு வை, அப்புறம் நீ வச்சுக்கோ."

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா தட்டைப் பார்த்தார். எல்லாரையும் பார்த்தார். பிறகு குனிந்து குங்குமத்தை மோந்தார்.

"இதுல என்ன கலந்திருக்கான்?"

பக்கத்தில் நின்ற என் கையை இழுத்து, ஒரு சிட்டிகை எடுத்து உள்பக்கமாகத் தேய்த்தார். "நாளைக்குச் சொல்றேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். செல்வியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே அக்கா வாசலில் நின்றார். வந்ததும் என் கையைத் திருப்பிப் பார்த்தார். தடவிப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆவல" என்றார்.

"இல்லக்கா."

கொஞ்ச நேரம் வளையல்களைப் பார்த்தார். பினாயில் பாட்டிலைப் பார்த்தார்.

"அதுல ஒரு பொட்டலம் கட்டு. அப்படியே அந்தச் சின்னக் கண்ணாடி ஒண்ணு."

குங்குமப் பொட்டலம் கட்டினேன். நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. தெருவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"பேப்பர்ல சுத்திக் குடுடா."

அதற்குப் பிறகும் பல வருஷம் அவர் அந்த வெள்ளை வட்டத்தோடுதான் உப்பளத்துக்குப் போனார். எனக்கும் செல்விக்கும் மறைந்தது, அவருக்கு மறையவில்லை. அதன் மேல் குங்குமத்தை ஊரில் யாரும் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனால் பொட்டலம் தீரத் தீர வருவார். யாருக்கு என்று நான் கேட்டதில்லை. பேப்பரில் சுற்றி, நூல் கட்டி, தலையைத் திருப்பிக்கொண்டு நீட்டுவேன்.